எனக்காகப் பேசுகிறவர்

திருப்பதியில் நாற்பத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். ஆனாலும் பஸ் நிலையத்துப் பக்கம் போனால் ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்ததும் தமிழில்தான் கூப்பிடுகிறார்கள். "அம்மா வாங்க, அலிபிரி, அலிபிரி! எத்தனை பேர் வந்திருக்கீங்க?" என் புடவைக் கட்டையோ, மூக்குத்தியையோ, நடக்கிற நடையையோ பார்த்து, இவள் மலைக்கு வந்தவள், நாளைக்கு மொட்டையோடு ஊர் திரும்புகிறவள் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். கையில் முள்ளங்கிக் கட்டோடு நான் நிற்பேன். சாமி பார்க்க வருகிற எவள் முள்ளங்கிக் கட்டோடு வருவாள்? அதை யாரும் பார்ப்பதில்லை. சரி, அப்படியானால் நான் எந்த ஊர்க்காரி? இங்கே எங்களை அரவம் என்பார்கள், தமிழ்க்காரர்களுக்கு அவர்கள் வைத்த பேர் அது. தமிழ்நாட்டில் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் இருக்கும் என் தாய் வீட்டுக்குப் போனால், "திருப்பதிக்காரி வந்துகீறா" என்பார்கள். இரண்டு பேருமே அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

என்னைப் போல எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கும், அந்தப் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். குப்பம் என்கிற ஊரில் இருக்கிற என் மகள் தேவி பிழை பார்த்துத் தருகிறாள். விஷயத்தை மாற்றாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்லப்பட்ட பேச்சால் நான் பட்டது போதும்.

என் வீட்டுக்காரர் பேர் முனுசாமி. எங்கள் பக்கத்தில் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டோம், எழுதலாம் என்று நினைக்கிறேன். பேச்சில் எனக்கு அவர் தேவி நைனா, தேவியின் அப்பா. எனக்குப் பத்தொன்பது வயதில் என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அப்போது ஒரு சாண் நிலம் கிடையாது, ஊரில் இருந்தால் கூலிதான். இவர் திருப்பதியில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டராகச் சேர்ந்தார். அடுப்பங்கரையில் பத்துப் பேரோடு நின்றதால் ஒரே வருடத்தில் தெலுங்கு வந்துவிட்டது. எனக்கு அது இல்லை. கடையில் நான் வாயைத் திறந்தால், "நீ சும்மா இருமே, நான் சொல்றேன்" என்பார். முதலில் அது நிழல் மாதிரி இருந்தது. புது ஊரில் நமக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறார் என்று பெருமைகூடப் பட்டேன். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பாங்கி, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் கேள்வி என் முகத்துக்கு வரும், பதில் என் வலப்பக்கத்திலிருந்து போகும். பிறகு நான் லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போனேன். காய்கறி வாங்கவும் நானே போக ஆரம்பித்தேன். சந்தைத் தெலுங்கு, லாட்ஜ் தெலுங்கு எல்லாம் என்னிடம் சேர்ந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது என்றில்லை. தெரிந்தாலும் பழக்கம் விடவில்லை, அவருக்கும் சரி, எனக்கும் சரி.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை வந்தது. இலவச முகாமில் கண்ணைப் பார்த்த டாக்டரம்மா தெலுங்கில் வேகமாக ஏதோ கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். வலப்பக்கத்திலிருந்து பதில் போனது. வெளியே வந்து தேவி நைனா, "இப்ப ஒண்ணும் அவசரம் இல்லன்னுட்டாங்க" என்றார். நானும் நம்பினேன். இடது கண்ணில் நாளுக்கு நாள் பனி மூடியது. லாட்ஜில் விரிப்பின் கறை தெரியாமல் அப்படியே போட்டுவிட்டேன் என்று மானேஜர் என்னை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் பொறுக்க முடியாத தலைவலி. தேவி வந்து, அந்த முகாமை நடத்தின ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். அங்கே நர்ஸ் பழைய சீட்டைப் பார்த்து, "அப்போவே ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லி இருக்காங்க, உங்க அம்மாதான் பயந்துக்கிட்டு வேணாம்னு சொல்லிட்டாங்களாமே" என்று தெலுங்கில் தேவியிடம் சொன்னாள். வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட கண்ணோடு கேட்டேன். "நான் எப்ப பயம்னு சொன்னேன்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பத்து நாளு அடுப்பாண்ட போகக் கூடாதுன்னாங்க. யாரு ஆக்கறது?"

நாளெல்லாம் ஊர் உலகத்துக்குத் தோசை வார்த்த மனிதர். வீட்டில் ஒரு நாள் கரண்டியைத் தொட்டதில்லை. "நாப்பது வருசம் அடுப்புல வெந்தேன். வூட்லயும் வேவணுமா?" என்று சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை இருக்கும் சூட்டுத் தழும்புகளைக் காட்டினார். அந்தத் தழும்புகளுக்கு நான்தான் வருடக்கணக்காக எண்ணெய் போட்டவள். எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்து மனசு இளகவில்லை. கண் போனதுகூட ஒரு பக்கம். நான் பயந்தவள் என்று ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நான் என்றைக்கு எதற்குப் பயந்தேன்?

தேவிக்குப் போன் போட்டேன். "தனியா இருக்கப் போறேன்" என்றேன்.

"எங்கம்மா?" என்றாள்.

இருக்கிற இடங்களை எண்ணிப் பார்த்தேன். குப்பத்தில் அவள் வீட்டில் இரண்டு அறை, மாமியார், மாமனார், பிள்ளைகள். என் தம்பி ஏழுமலை ஊரில் இருக்கிறான். அவனுக்கு இப்போது இரண்டு ஏக்கர் நிலம், படித்த பிள்ளைகள், கல்யாணத்துக்கு நிற்கும் பெண். வாழாவெட்டி அத்தை திண்டாடிக்கொண்டு வந்து நின்றால் பெண் கேட்டு யார் வருவார்? திருப்பதியில் நாங்கள் இருப்பது ஒரே அறையும் ஒரு அடுப்படியும். பட்டா என் பேரில்தான் இருக்கிறது. அரசாங்கம் பெண் பேரில்தான் கொடுத்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுபது வயது மனிதரைத் தெருவில் நிறுத்த முடியுமா?

"மொதல்ல கவுன்சிலிங் போம்மா" என்றாள் தேவி. "கோர்ட்டுக்குப் போனாலும் அவங்க அங்கதான் அனுப்புவாங்க. மேடம் கேப்பாங்க, நீ மனசுல கீறத சொல்லு. அவ்ளோதான்."

கவுன்சிலிங் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி வழக்கைக் கேட்கிற இடம் என்றதும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில், நாங்கள் கூலிக்காரர்களாக இருந்த காலத்தில், ஒத்துவராத புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவிடுவது பெரிய காரியம் இல்லை. பஜனைக் கோயில் முன்னால் பெரியவர்கள் உட்காருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைப்பார்கள். பெண்ணுக்காக அவள் தாய்மாமனோ கூடப் பிறந்தவனோ பேசுவான். பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்து இரண்டாகக் கிள்ளிப் போடுவார். அத்தோடு அது அற்றுப்போயிற்று. எனக்குப் பத்து வயதில் என் சின்னம்மாவுக்கு அப்படிக் கிள்ளிப் போட்டதைப் பார்த்தேன். அடுத்த வருடம் அவளுக்கு வேறு கல்யாணம். ஒருத்தரும் அதைத் தப்பாகப் பேசவில்லை.

அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? தம்பியை வரச் சொன்னேன். பால்காரர் மாட்டுக்குப் போடும் வைக்கோலில் ஒரு நல்ல துரும்பாகக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். தேவி நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. "வரேன். எவங்கிட்ட வேணா சொல்லு. ஒன் பேச்சு அங்க யாருக்குப் புரியப்போவுது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அந்த இடம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில். ஏழுமலை வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்திருந்தான். வாசலில் இருந்த பெண் தட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். உள்ளே இரண்டு பேர்தான் போகலாம் என்று தெலுங்கில் சொன்னாள்.

"நான் இவங்க தாய் வூட்டு ஆளும்மா" என்றான் ஏழுமலை. "நான் இல்லாம எப்பிடி நாயம் பேசுவீங்க? எங்க அக்கா வாயால எப்பிடிச் சொல்லும்?"

"இத்தரே" என்றாள் மறுபடியும். இரண்டு பேர்தான்.

"மாமா, நீயாவது சொல்லு மாமா" என்று தேவி நைனாவைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினார். நான் பின்னால் போனேன்.

உள்ளே ஐம்பது வயது இருக்கும் ஒரு மேடம். நல்ல முகம். "தெலுகு வச்சாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். கொஞ்சம் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வலப்பக்கத்திலிருந்து, "ராது மேடம், நேனு செப்தா" என்று போய்விட்டது. இவளுக்கு வராது, நான் சொல்கிறேன்.

மேடம் சந்தோஷமாகத் தலையாட்டினார். பாஷை தெரியாத பெண்டாட்டிக்குத் துணையாக வந்திருக்கிற நல்ல புருஷன். அவர் அப்படித்தானே நினைப்பார்? நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். எந்தப் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல்லி, அவர் வாயால் போக வேண்டும். கண்ணைப் பற்றிச் சொன்னேன். லாட்ஜ் வேலை போனதைச் சொன்னேன். பயம் என்று எழுதி வைத்ததைச் சொன்னேன். நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் இரண்டு சொன்னார். என் காதில் விழுந்தது வயது, கோபம், மகள் தூரத்தில் இருக்கிறாள், வீட்டில் ஒற்றையாக இருக்கிறாள், இவ்வளவுதான். கண் என்ற சொல் வரவே இல்லை. சந்தைத் தெலுங்குக்கு அது புரியும். ஆனால் புரிகிற அளவுக்கு வாய் எழவில்லை. அந்த அறைக்குள் என் பாஷை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இனிப் பேசிப் பயனில்லை என்று முந்தானையை அவிழ்த்துத் துரும்பை எடுத்து மேடத்திடம் நீட்டினேன். இதை நீங்கள் கிள்ளிப் போடுங்கள் என்று கையால் செய்தும் காட்டினேன். மேடம் புரியாமல் அவரைப் பார்த்தார்.

ஒரு கணம் அவர் முகம் செத்துப்போயிற்று. அவருக்கு அது என்ன என்று தெரியும். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்தானே? என் சின்னம்மாவின் கதையும் தெரியும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "திஷ்ட்டி தீசேதி, மேடம். சம்சாரம் பாகுண்டாலனி."

கண்ணேறு கழிப்பதற்காம். குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தேனாம்.

மேடம் இரண்டு கையாலும் அந்தத் துரும்பை வாங்கிக்கொண்டார். "எந்த ப்ரேமம்மா!" என்று என் கையைப் பிடித்தார். பிறகு அதை மேசைமேல் இருந்த சாமி படத்துக்குப் பக்கத்தில், உடையாமல், பத்திரமாகச் சாய்த்து வைத்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. மேடம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்தால் ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து தட்டில் இருந்த வெற்றிலையைப் பாதிக்குமேல் தானே மென்று முடித்திருந்தான். வாய் சிவப்பாக, "இன்னாக்கா, கிள்ளிட்டாங்களா?" என்றான்.

"பாத்தியா, மேடம் இன்னா சொன்னாங்கோ?" என்றார் தேவி நைனா, படியில் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டே. "எவ்ளோ பிரியம்னு சொன்னாங்கோ."

அன்றைக்கு முழுக்க அந்த ஊர் வழக்கத்தை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன். அங்கே என்றால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று. தம்பியிடம் சொன்னேன், ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம், பெரியவர்களைக் கூட்டு என்று. அவன் சுண்ணாம்பு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான்: "யக்கா, இப்ப யாரு துரும்பு கிள்றா? அதெல்லாம் இல்லாதப்பட்ட காலத்துல. இப்ப பசங்க படிச்சிகீதுங்க. நாலு பேரு வந்து போற வூடு. இந்த வயசுல நீ இப்பிடிக் கேட்டன்னு தெரிஞ்சாலே சிரிப்பாங்க." நிலம் வந்ததும் மானமும் வந்துவிட்டது எங்களுக்கு. ஒன்றும் இல்லாதபோது இருந்த ஒரு வாசல் அடைபட்டுவிட்டது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், சின்னம்மாவின் கதையில் எனக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. துரும்பு கிள்ளினது ஞாபகம் இருந்தது. சின்னம்மா எங்கே இருந்தாள் என்பது பிறகுதான் வந்தது. அவள் கூட்டத்திலேயே இல்லை. கோயிலுக்குப் பின்னால், முள்வேலி ஓரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பேசினது என் தாய்மாமன், அவளுடைய அண்ணன். அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெகு காலம் கழித்து அவளே ஒரு நாள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனுக்கு அந்த ஆள உடறதுக்கு மனசே இல்ல. எவன் கேட்டான்?" அப்படியானால் அந்தப் பக்கத்திலும் இதேதான். நான் தம்பியைக் கூட்டிப்போனதும் அதே தப்புதான். ஒரு ஆண் வாயை விட்டு இன்னொரு ஆண் வாயைத் தேடினேன்.

மறு வாரம் யாருக்கும் சொல்லாமல் நானே அந்த மாடிக்குப் போனேன். வாசலில் இருந்த பெண்ணிடம், "அரவம் தெலிசின மேடம் காவாலி" என்றேன். தமிழ் தெரிந்த மேடம் வேண்டும். அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். முதல் தடவை வந்தபோது ஊமை போல நின்றவள் அல்லவா? உள்ளே போய்க் கேட்டுவந்து, சித்தூரில் ஒருத்தர் வியாழக்கிழமை தோறும் உட்காருகிறார் என்று சொல்லி, தேவி நைனாவின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் வர வேண்டும் என்று அங்கிருந்து தேவி நைனாவுக்குப் போன் வந்தது. வர மாட்டார் என்று நினைத்தேன். போன முறை ஜெயித்த தைரியத்தில் வந்தார்.

சித்தூருக்கு இரண்டு மணி நேரப் பயணம். அங்கே இருந்தது முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண். "வாங்கோ, உட்காருங்கோ. பஸ்ஸில கூட்டமா?" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பெண். தாத்தா பாசுரம் சேவிக்கிறவர் என்று அவளே சொன்னாள். தமிழைத் தேடி அலைந்தேன், தமிழ் கிடைத்துவிட்டது. ஆனால் அது நான் வந்த புதிதில் வாசல் பெருக்கப் போன வீட்டுத் தமிழ். தாகம் என்று நின்றால் உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றிய வீடு. இந்தப் பெண்ணின்மேல் குறை சொல்ல மாட்டேன். அவளே எழுந்துபோய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள், நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருந்தாலும் அந்தத் தமிழ் காதில் விழுந்ததும் என் தமிழ் சுருங்கிக்கொண்டது. 'கீது, துன்னு' என்று அவள் எதிரில் பேச எனக்கு மானமாக இருந்தது. ரேடியோவில் பேசுகிறவர்கள் மாதிரி, "எனது கணவருக்கு என் மீது அக்கறை கிடையாது" என்று ஆரம்பித்தேன்.

தேவி நைனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இன்னாமே, நாடகம் ஆடிக்கினு கீற?"

அவர் சொன்னது சரிதான். அது என் பேச்சே இல்லை. சரி, என் பேச்சில் சொல்லலாம் என்று அவர் பக்கம் திரும்பினால் வாய் கட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. வீட்டுத் தமிழில் இந்த மனிதரிடம் நாற்பத்தைந்து வருடமாக நான் சொன்னதெல்லாம் சரி, ஆவட்டும், வெச்சிகீறேன், வந்துட்டேன். அந்தப் பேச்சில் 'வேண்டாம்' என்று ஒரு தடவைகூட அவரிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் சந்தையில். நாளைக்கு இருபது தடவை சொல்வேன். வத்து, இது வத்து, அது புச்சு, வத்து. யாருக்கும் பயப்படாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தெலுங்கில் பேசினேன். பெயருக்குத்தான் தெலுங்கு. முழு வாக்கியம் எனக்கு வராது. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து ஓட்டை காட்டுகிற மாதிரி இடது கண்ணைக் காட்டி, "நா கன்னு புச்சிப்போயிந்தி" என்றேன். என் கண் சொத்தையாகிவிட்டது. அதற்கு வேறு சொல் என்னிடம் இல்லை. "ஆயன செப்பாடு. நேனு செப்பலேது." அவர் சொன்னார், நான் சொல்லவில்லை. "பயம் லேது. நாக்கு பயம் லேது." பிறகு அவரைக் காட்டி, "ஆயன நா கோசம் மாட்லாடொத்து. வத்து. நாக்கு வத்து" என்றேன். எனக்காக இவர் பேச வேண்டாம். எனக்கு வேண்டாம்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளும் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். மெதுவாக, சின்னச் சின்னச் சொல்லாக. அவள் தமிழில் இருந்த அந்த வீடு தெலுங்கில் இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் அரவம்தானே? தேவி நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வழி தெரியாத தெருவுக்குள் வந்துவிட்டவர் மாதிரி. "இவளுக்குத் தெலுங்கு வரும்னு எனுக்குத் தெரியும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம், தமிழில், மெதுவாக. "இவ்ளோ வரும்னு தெரியாது."

அவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னாள். போனார். கதவு சாத்திக்கொண்டது. "இப்ப சொல்லுங்கம்மா" என்றாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

நான் வலப்பக்கம் திரும்பினேன்.

அங்கே காலி நாற்காலிதான் இருந்தது. வெட்கமாகப் போயிற்று. அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, காத்திருந்தாள். வேண்டாதது என்ன என்று சொல்லிவிட்டேன். வேண்டியது? தனி வீடா? எங்கே? அவர் இல்லாத வீடா? முழங்கால் மடங்காத அந்த மனிதர் எங்கே போவார்? போகட்டும் என்று சொல்ல வந்தது, வாய்க்குள்ளேயே நின்றது. கண்ணை நினைத்தால் ஆத்திரம் ஆறவில்லை. ஆறாத ஆத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரே அறையில் எத்தனை நாள்? அழுதேன். அழுததென்னவோ தமிழில்தான், எங்கம்மா எங்கம்மா என்று. அவள் அவசரப்படுத்தவில்லை. இன்னும் சில தடவை வர வேண்டும், தனித்தனியாகவும் பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் கோர்ட்டா, வீட்டுக்குள்ளேயே ஏதாவது வழியா என்று யோசிக்கலாம், அடுத்த வியாழக்கிழமை என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். அதுவரைக்கும் என்று கேட்டேன். அதுவரைக்கும் அதே வீடுதான் என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

எல்லை தாண்டி வந்த பெண்களே, கவுன்சிலிங் போனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு இன்னும் தீரவில்லை. அரைகுறையாக இருந்தாலும் சரி, உங்கள் வாயோடு போங்கள் என்றுதான் சொல்கிறேன். வாய் வந்தபிறகும் கதவு உடனே திறந்துவிடாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

சித்தூர் பஸ் நிலையத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனதிலிருந்து திருப்பதி பஸ்ஸில் இடம் கிடைப்பதே இல்லை. பக்கத்து நடைமேடையில் தமிழ்நாட்டுப் பக்கம் போகிற பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். ஏறினால் சாயங்காலத்துக்குள் தம்பி வீட்டு வாசல். அவன் வா என்பான், முகம் வேறு சொல்லும். இந்தப் பக்கத்தில் என் பேரில் இருக்கிற ஒரே அறை. தேவி நைனா முண்டியடித்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார். நான் ஏறியபோது பஸ் நிரம்பி, நடைபாதையிலும் ஆள். நடுவில் ஒரு சீட்டில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் தன் துண்டை விரித்துப் போட்டிருந்தார், எனக்கு.

நான் அந்த சீட்டுக்கு அருகில் போய், மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், துண்டைப் பார்த்தார். கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி கண்டக்டரிடம் ஏதோ முறையிட்டாள். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து துண்டைக் காட்டிக் கேட்டார்.

"ஈ சீட்டு எவரிதி?"

யாருடைய இடம் இது? தேவி நைனாவின் வாய் வழக்கம்போலத் திறந்தது. பிறகு, என்ன நினைத்தாரோ, அப்படியே மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். குழந்தைக்காரி என்னைப் பார்த்தாள். என்னுடையது என்று சொல்ல இரண்டு பாஷையிலும் எனக்குச் சொல் தெரியும். என்னுடையது இல்லை என்று சொல்லவும் இரண்டு பாஷையிலும் தெரியும். பஸ் ஒரு குலுங்குக் குலுங்கிக் கிளம்பிவிட்டது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, நான் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.